ஐந்தரைக் குதிரைவலு ஜோன்சன்

என் கராஜின் பின்சுவரோரம் மரச்சட்டத்தில் மாட்டியிருக்கும் படகு மோட்டாரைப் பார்க்கிறவர்கள் முதலில் அதன் நிறத்தைத்தான் கேட்கிறார்கள். இந்தப் பச்சை எங்கே கிடைத்தது, எத்தனை பூச்சு அடித்தீர்கள், இவ்வளவு பளபளப்பு எப்படி வந்தது என்று. நிறத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அது எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகச் செய்த வேலை. மோட்டாரின் தலையில் சுழலும் பறக்குசக்கரத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்கிறவர் வந்தால் அவரை இருத்தித் தேநீர் கொடுத்து, இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவர்கள் குறைவு. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மோட்டார் 1955ஆம் ஆண்டின் ஜோன்சன் சீ-ஹோர்ஸ். ஐந்தரைக் குதிரைவலு, இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக். பக்கவாட்டில் ஆணி அடித்து ஒட்டிய சிறு தகட்டில் சிடி-12 என்ற மாதிரி எண்ணும், பீற்றர்பரோ, கனடா என்ற ஊர்ப்பெயரும் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன. ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் பீற்றர்பரோ வரும். படகு உயர்த்தி இறக்கும் பிரமாண்டமான நீர்த்தூக்கிக்குப் பெயர்போன ஊர். 1904இல் திறந்தது; இன்றும் படகுகளை இருபது மீற்றர் அளவுக்குத் தூக்கி இறக்குகிறது. அதே ஊரில் ஒரு காலத்தில் ஜோன்சன், எவின்றூட் மோட்டார்களைச் செய்த பெரிய தொழிற்சாலை இயங்கியது. அங்கே பிறந்த மோட்டார், அதற்குத் தெற்கே கிடக்கும் றைஸ் ஏரிக்கரையில் ஒரு பண்ணை வீட்டின் கொட்டிலில் வைக்கோல் தூசிக்குள் நின்றது. விற்றவர் வயதான விவசாயி. "இது ஓடாது, சும்மா அழகுக்கு வைத்துக்கொள்" என்றார். பறக்குசக்கரத்தில் கையை வைத்துச் சுழற்றினேன். சுழன்றது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள மயிலிட்டி. சித்தப்பா கடற்கரையில் மோட்டார் திருத்தியவர். அவருடைய கையைப் பார்த்து வளர்ந்தவன் நான். உப்புத் தண்ணீரில் ஓடும் மோட்டாரின் ஆயுள் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். அலுமினியத்துக்குள் இரும்பு மரையாணி இறங்கியிருக்கும் இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்து, இரண்டும் ஒன்றாகிவிடும். பிறகு எந்தச் சாவி போட்டாலும் மரையாணியின் தலைதான் கையோடு வரும். ஒன்ராறியோவின் ஏரிகள் நன்னீர். அறுபது, எழுபது வருட மோட்டாரின் மரையாணிகூடக் கொஞ்சம் சூடு காட்டினால் அசைகிறது. முதல் மரையாணி முனகிக்கொண்டு கழன்றபோது, இந்த நாட்டில் பழைய மோட்டார்கள் ஏன் இத்தனை உயிரோடு இருக்கின்றன என்பது விளங்கியது. சித்தப்பாவுக்கு இப்படி ஒரு மோட்டாரைக் கழற்றக் கிடைத்திருந்தால் நாள் முழுக்கப் பாட்டுப் பாடியிருப்பார்.

அவர் சொல்லித்தந்த ஒழுங்கைத்தான் இன்றும் பின்பற்றுகிறேன். முதலில் அமுக்கம், பிறகு நெருப்பு, பிறகு எண்ணெய், கடைசியில் தண்ணீர். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது.

அமுக்கம் பார்ப்பதற்கு முன் இரண்டு பிளக்குகளையும் கழற்றி, ஓட்டைகளுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தேன். வருடக்கணக்கில் நின்ற மோட்டாரில் பிஸ்டன் வளையங்கள் பிசினில் ஒட்டியிருக்கும். காய்ந்த சுவரில் உடனே கயிறு இழுத்தால் கீறிவிடும். மறுநாள் அளவியைப் பொருத்திக் கயிறு இழுத்தேன். சதுர அங்குலத்துக்கு எழுபது இறாத்தலுக்கு மேல் காட்டியது, இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இந்த வயதில் எண் எவ்வளவு என்பதைவிட இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று எழுபதும் மற்றது நாற்பதுமாக இருந்திருந்தால் அங்கேயே தலையைக் கழற்றியிருப்பேன்.

நெருப்புக்கு வருவோம். இந்த மோட்டாரில் பற்றரி இல்லை. பறக்குசக்கரத்தின் உள்விளிம்பில் காந்தம் பதித்திருக்கிறது. அதன் கீழே அசையும் தட்டில் இரண்டு கொயில் (கம்பிச்சுருள்), மின்னோட்டத்தை மூடித் திறக்கும் இரண்டு ஜோடிப் பொயின்ற், இரண்டு கண்டென்சர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குடும்பம். காந்தம் கொயிலைக் கடக்கும் கணத்தில் பொயின்ற் திறக்க, பிளக்கில் பொறி பாய்கிறது. கைப்பிடியைத் திருகினால் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர் மட்டும் திறப்பதில்லை. இந்தத் தட்டு முழுவதும் சுழன்று, பொறி விழும் நேரமும் முன்னே வருகிறது. வேகத்தைக் குறைத்தால் பொறி பிந்துகிறது. ஏரியில் மீன்தூண்டிலை இழுத்துக்கொண்டு மிக மெதுவாக ஓட இந்த ஒரு ஏற்பாடு போதும்.

பறக்குசக்கரத்தைக் கழற்ற அதன் நடுவிலிருக்கும் மூன்று துளைகளில் மரையாணி பிடிக்கும் இழுப்பான் வேண்டும். விளிம்பில் நகம் மாட்டி இழுக்கும் கருவியைப் போட்டால் சக்கரம் வளைந்துவிடும். சுத்தியலால் தண்டின் தலையில் அடித்துக் கழற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிறகு தண்டையே மாற்ற நேர்கிறது. இழுப்பானை இறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் 'டக்' என்ற சத்தம். சக்கரம் தண்டின் கூம்பு முனையை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

சக்கரத்தைத் தூக்கியதும் முதலில் தெரிந்தது எலிக்கூடு. வைக்கோலும் பஞ்சுமாகத் தட்டின் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. அதை எடுத்துத் துடைத்த பிறகு கொயில்கள் தெரிந்தன. இரண்டின் மேலுறையும் நீளவாக்கில் வெடித்து, பிளவுக்குள் செப்புக்கம்பியின் மினுக்கம் தெரிந்தது. அந்தக் காலத்து ஜோன்சன், எவின்றூட் மோட்டார் எதைத் திறந்தாலும் இந்தக் காட்சிதான். உறைக்குப் போட்ட பிளாஸ்ரிக் காலத்துக்கு நின்றுபிடிக்கவில்லை. வெடித்த கொயில் குளிரில் பொறி தரும். சூடேறியதும் அல்லது ஈரம் பட்டதும் நின்றுவிடும். நடு ஏரியில் நிற்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் இங்கேதான் அந்தக் காலத்துப் பொறியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து எழுபதுகள்வரை, மூன்று குதிரைவலுவிலிருந்து நாற்பது குதிரைவலுவரை பெரும்பாலான மோட்டார்களில் ஒரே கொயிலைத்தான் போட்டார்கள். ஜோன்சன் என்றாலும் எவின்றூட் என்றாலும் அதே கொயில். இரண்டும் 1936 முதல் ஒரே நிறுவனத்தின் பெயர்கள்தானே. அதனால் அந்தக் கொயிலுக்கு இன்றும் தேவை இருக்கிறது. இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ஒரு சோடி வாங்க எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்தது.

கொயிலை மாற்றும்போது அதன் இரும்புக் கால்கள் தட்டிலுள்ள கடைந்த மேடுகளின் விளிம்போடு சரியாகச் சமமாக நிற்க வேண்டும். மயிரளவு வெளியே வந்தால் காந்தம் உரசும். உள்ளே போனால் பொறி பலவீனமாகும். நான் விரல் நகத்தால் அந்த விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். நகம் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பிளக் கம்பி விடயத்தில் ஒரு எச்சரிக்கை. இன்றைய கார்களுக்கு வரும் கரி நடுவுள்ள கம்பி இங்கே உதவாது. கொயிலுக்குள் நிற்கும் ஊசிமுனை குத்திப் பிடிக்க உள்ளே செப்பிழை இருக்க வேண்டும்.

பொயின்ற் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீற்றர். பழைய பொயின்ற்களே நல்ல நிலையில் இருந்தன. மெல்லிய அரத்தால் ஒரு தடவை மட்டும் தடவி, அற்ககோலில் நனைத்த தடித்த கடதாசியை இடையில் விட்டு இழுத்தேன். கடதாசி கறுப்பாக வந்தது. மறுபடி, மறுபடி, வெள்ளையாக வரும்வரை. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்றே பொறியைத் தடுத்துவிடும் என்பதால் கைவிரலால் அதைத் தொடக்கூடாது. பிறகு தண்டின் கூம்பையும் சக்கரத்தின் உள்கூம்பையும் எண்ணெய்ப்பசை ஒரு துளியும் இல்லாமல் துடைத்துப் பொருத்தினேன். கூம்பில் கிறீஸ் பூசினால் சக்கரம் வழுக்கி, அதைத் தண்டோடு பூட்டும் சின்னச் சாவித்துண்டு வெட்டுப்பட்டுப்போகும். சக்கரத்தின் மேல் பூட்டும் சுரையை முறுக்குமானியால்தான் இறுக்க வேண்டும். நாற்பது முதல் நாற்பத்தைந்து அடி-இறாத்தல்.

பிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்து, 'பொறி வருகிறது' என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. அது போதாது. திறந்த வெளியில் கால் அங்குல இடைவெளியை நீலநிறத்தில் 'சட் சட்' என்று தாண்ட வேண்டும். அன்று மாலை கராஜ் விளக்கை அணைத்துவிட்டுக் கயிறு இழுத்தேன். என் அக்காவின் மகன் பக்கத்தில் நின்றான். இங்கேயே பிறந்தவன், கணினிக்காரன்.

"மாமா, இதற்கு மின்சாரம் எங்கேயிருந்து வருகிறது?"

"உன் கையிலிருந்து, தம்பி. நீ இழு."

இழுத்தான். நீலப்பொறி தாண்டியது. பிறகு கயிற்றை என்னிடம் அவன் திருப்பித் தரவே இல்லை.

எண்ணெய்ப் பக்கம் இரண்டு வேலை. காபரேற்றர் ஒன்று, பெற்றோல் தாங்கி மற்றது.

காபரேற்றரின் கிண்ணத்தைத் திறந்தால் பழைய பெற்றோல் காய்ந்து பழுப்புநிற வார்னிஷாகப் படிந்திருந்தது. ஊறவைத்துக் கழுவி, நுண்துளைகளைத் தூண்டில் நரம்பால் குத்திக் காற்று அடித்தேன். இரும்புக்கம்பியை அந்தத் துளைகளுக்குள் விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை; துளையின் அளவு ஒரு நூல் மாறினாலும் கலவை மாறிவிடும். மிதவை தக்கையால் செய்தது. அதன்மேல் அரக்குப் பூசியிருப்பார்கள். இன்றைய பெற்றோலில் கலக்கும் எத்தனால் அந்த அரக்கைக் கரைத்துவிடும், பிறகு தக்கை பெற்றோல் குடித்து மூழ்கும், காபரேற்றர் வழியும். மிதவையை நன்றாகக் காயவைத்து, எரிபொருளுக்குக் கரையாத மெல்லிய பூச்சொன்றால் மூடினேன். எத்தனால் கலக்காத பெற்றோல் கிடைக்கும் நிலையத்தைத் தேடிப் போகிறேன். விலை கூட; அதற்காக நான் வருந்துவதில்லை.

மோட்டாரின் முகப்பில் இரண்டு குமிழ்கள். ஒன்று மெதுவான ஓட்டத்துக்கு, மற்றது விரைவுக்கு. இரண்டையும் மெல்ல உள்ளே இருத்தி, மெதுவானதை ஒன்றரைச் சுற்றும் விரைவானதை ஒரு சுற்றும் வெளியே திருப்பினால் தொடங்குவதற்குச் சரி. மிச்சத்தைத் தண்ணீரில் ஓடவிட்டுக் காதால் பார்க்க வேண்டும். ஊசியைப் பலங்கொண்டு இறுக்கி அதன் முனையில் வளையம் விழுத்திவிட்டால் பிறகு எந்தச் சுற்றிலும் அது சரியாக நிற்காது.

தாங்கிதான் இந்த மோட்டாரின் விசேஷம். ஆபத்தும் அங்கேதான். 1949இல் ஜோன்சன் தன் பத்துக் குதிரைவலு மோட்டாரோடு தனித் தாங்கியையும், முன்னோக்கு, நடு, பின்னோக்கு என்ற கியரையும் கொண்டுவந்தது. அதுவரை மோட்டாரின் தலையிலேயே தாங்கி இருந்தது. ஓடும்போது எழும்பி நின்று பெற்றோல் ஊற்ற வேண்டும். ஆனால் அந்தக் காலத்து மோட்டாரில் எரிபொருளை உறிஞ்சும் பம்பு இல்லை. அதற்குப் பதில் தாங்கியிலிருந்து இரட்டைக் குழாய் வருகிறது. கிராங்குப் பெட்டியின் அமுக்கத்தில் ஒரு பங்கு ஒரு குழாயால் தாங்கிக்குப் போய்க் காற்றை அழுத்துகிறது. அந்த அழுத்தம் மற்றக் குழாயால் பெற்றோலை மேலே தள்ளுகிறது. தொடங்குவதற்கு முன் தாங்கியின் மேலுள்ள பொத்தானைச் சில தடவை அழுத்திப் பெற்றோலை ஏற்றிக்கொள்வோம்.

அழுத்தம் ஏறிய பெற்றோல் தாங்கி காலடியில் கிடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். குழாய் வெடித்திருந்தால் பெற்றோல் சொட்டாது, பீறிடும். அதனால் பலர் இதை எறிந்துவிட்டுப் புதிய பம்பு பொருத்தி ஒற்றைக் குழாய்த் தாங்கிக்கு மாறுகிறார்கள். அது பிழை என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் ஏறும் படகென்றால் நானே அதைத்தான் செய்யச் சொல்வேன். எனக்கு இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனத்தின்மேல் ஆசை. தாங்கியின் உட்பக்கமும் துருவில்லாமல் இருந்தது. இரட்டைக் குழாய், மூடியின் இறப்பர் வளையம், பொத்தானின் தோல்சவ்வு, அடைப்புகள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். வெறுந் தாங்கியில் காற்றை அழுத்தி, வெளியே சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே பெற்றோல் ஊற்றினேன். நிறுத்தியதும் மூடியை மெல்லத் திருகிச் 'சூ' என்று காற்று போகவிட்ட பிறகே குழாயைக் கழற்றுவேன். அழுத்தத்தோடு தாங்கியை வெயிலில் விடுவதில்லை.

கலவை இருபத்து நான்குக்கு ஒன்று. இருபத்து நான்கு லீற்றர் பெற்றோலுக்கு ஒரு லீற்றர் எண்ணெய். தண்ணீரால் குளிரும் மோட்டாருக்கென்று விற்கும் இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய். கடைக்காரர் ஐம்பதுக்கு ஒன்று போதும் என்பார். அவர் சொல்வது 1964க்குப் பிந்திய மோட்டார்களுக்கு. பழையவற்றின் தாங்குமேடைகள் கூடுதல் எண்ணெயை எதிர்பார்த்துச் செய்தவை. கொஞ்சம் புகை கூடும், கூடட்டும்.

இந்தப் புகையின் மணம் எனக்கு வேறொரு இடத்தையும் நினைவூட்டுகிறது. 1990இல் போரால் மயிலிட்டியை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தோம். பிறகு பருத்தித்துறைப் பக்கம் சித்தப்பா ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு திருத்து வேலை பார்த்தார். பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோல் போத்தல் போத்தலாக, மருந்துபோல் விற்றது. மோட்டார் சைக்கிளும் தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் வள்ளத்து மோட்டாரும் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மருந்துக் குப்பியில் கொஞ்சம் பெற்றோலை வைத்துக் காபரேற்றருக்குள் சில துளி பீச்சி, அது பற்றிச் சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் கிடைக்காதபோது தேங்காய் எண்ணெயும் கலந்தார்கள். தெருவெல்லாம் பலகாரம் சுடும் மணம். பொயின்ற்கள் கருகும், பிளக்குகள் கரி பிடிக்கும். சித்தப்பாவுக்கு ஓயாத வேலை. உதிரிப்பாகம் வராத ஊரில் கண்டென்சரைக்கூட வேறு எதிலிருந்தாவது கழற்றி ஒட்டவைத்தார். திறக்கக்கூடியதாகச் செய்த இயந்திரம் என்பதால் அது முடிந்தது. இன்றைய மோட்டாரைப் படித்தவர்கள் கணினி மாட்டிப் பார்க்கிறார்கள்; கணினி சொல்லும் பெட்டியை முழுதாக மாற்றுகிறார்கள். எரிபொருள் குறைவு, புகை குறைவு, அதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பெட்டியைச் செய்யும் நிறுவனம் மூடினால் என்ன செய்வது? ஜோன்சனும் எவின்றூட்டும் சேர்ந்த நிறுவனம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் முறிந்துபோனது. வாங்கியவர்கள் ஜோன்சன் என்ற பெயரை முதலில் கைவிட்டார்கள். 2020இல் எவின்றூட்டையும் நிறுத்தினார்கள். 1909இல் மில்வாக்கியில் நோர்வேக்காரரான ஓலே எவின்றூட் விற்கத் தொடங்கிய பெயர் அது. நிறுவனம் போய்விட்டது, என் 1955 மோட்டாருக்கு வேண்டிய கொயிலும் தண்ணீர் ஏற்றும் இம்பெல்லரும் அடைப்புகளும் வாரக்கடைசிக்குள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன.

தண்ணீர் கடைசி. ஆனால் மோட்டாரைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். ஏரிக்குள் இறங்கி நிற்கும் கீழ்க்கால் பகுதிக்குள் இறப்பரால் செய்த இம்பெல்லர் சுழன்று ஏரித் தண்ணீரை மேலே சிலிண்டர்களைச் சுற்றி ஏற்றுகிறது. கீழ்க்காலை இறக்க அதைப் பிடித்திருக்கும் மரையாணிகளோடு கியர்த்தண்டின் இணைப்பையும் விடுவிக்க வேண்டும். பலாத்காரமாக இழுத்தால் தண்டு வளையும். மரையாணிகளுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு, அலுமினியத்தைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கினேன். பொறுமையைத் தவிர இதற்கு வேறு கருவி கிடையாது.

பழைய இம்பெல்லரைக் கையில் எடுத்தபோது அதன் இதழ்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தபடியே மரக்கட்டைபோல் விறைத்திருந்தன. வளைத்தேன், ஓர் இதழ் முறிந்தது. இறப்பர் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, வாங்கிய பழைய மோட்டாரின் இம்பெல்லரை நான் திரும்பப் போடுவதில்லை. புதியதைக் கிளிசரின் தடவி, தண்டு சுழலும் திசையில் திருகிக்கொண்டே கிண்ணத்துக்குள் இறக்கினேன். இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் மடிந்து உட்கார வேண்டும். செப்புத் தண்ணீர்க்குழாய் மேலே அதன் இறப்பர் வாய்க்குள் சரியாகப் போகிறதா என்று ரோச் விளக்கு அடித்துப் பார்ப்பது முக்கியம். அது விலகி நின்றால் பம்பு தள்ளுகிற தண்ணீர் எல்லாம் காலுக்குள்ளேயே கொட்டிப்போகும்.

இந்தக் காலத்து மோட்டாரில் பின்பக்கம் சிறு நூலாகத் தண்ணீர் பீறிடும். அதைப் பார்த்துத் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்துகொள்வோம். 1955இல் அந்த நூல் இல்லை. காலின் பின்பக்கத்திலுள்ள சிறு துளைகளால் புகையோடு சேர்ந்து தூவானமாக வரும், அவ்வளவுதான். புதிதாக வாங்கியவர்கள் இதைக் கண்டு பம்பு பழுது என்று கழற்றப் போய்விடுகிறார்கள். சிலிண்டர்த் தலையில் உள்ளங்கையை வையுங்கள். சுடும், ஆனால் கையை வைத்திருக்க முடியும். வைத்திருக்க முடியாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

பெரிய குப்பைத்தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, மோட்டாரை மரச்சட்டத்தில் மாட்டிக் காலை உள்ளே இறக்கினோம். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது. புது இம்பெல்லர் சில விநாடிகளில் கருகும். பொத்தானை அழுத்தினேன், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தேன், கைப்பிடியைத் தொடங்கும் அடையாளத்தில் வைத்தேன். அக்காவின் மகன் கயிற்றைப் பிடித்தான். முதலில் இருமியது. சோக்கைப் பாதி தள்ளினேன். அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. நீலப்புகை கராஜ் வாசலை நிறைத்தது. அதன் பிறகு அந்தச் சத்தம்: சின்ன மோட்டாருக்கே உரிய, சீரான, நெருங்கிய படபடப்பு. மெதுவான குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகி, தும்மல் நிற்கும் இடத்தில் விட்டேன். அக்கா வாசலில் வந்து நின்று, "தம்பி, இது சித்தப்பாவின் கொட்டில் மணம்" என்றாள். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நிறம்: பழைய பூச்சு ஒட்டியிருந்த இடங்களைக் கழுவி மெருகு மட்டும் போட்டேன். மூடியில் பெயர்ந்த இடங்களுக்கே புதுப் பச்சை. முழுவதையும் உரித்துக் கண்ணாடிபோல் ஆக்கியிருக்கலாம். விவசாயியின் கை பட்டுத் தேய்ந்த கைப்பிடியை ஏன் அழிக்க வேண்டும்?

இப்போது றைஸ் ஏரியில் பன்னிரண்டடி அலுமினியப் படகொன்றில் ஓடுகிறது. வேகத்துக்கு வாங்குகிறவருக்கு இது சரிவராது. கரையோரமாக ஊர்ந்துபோய் வால்ஐ மீனுக்குத் தூண்டில் இழுக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஏரி முழுக்க நீர்ப்பாசியும் செடியும். படகைத் தள்ளும் சுழலியில் சுற்றிக்கொள்ளும், நிறுத்தி, காலைத் தூக்கி, கையால் பிடுங்க வேண்டும். கல்லில் பட்டால் சுழலியின் குறுக்கே நிற்கும் மென்பித்தளை ஊசி முறிந்து பல்லுச்சக்கரங்களைக் காப்பாற்றும். அதற்காகத்தான் அதை மெத்தென்று செய்திருக்கிறார்கள். கையில் ஒன்று இல்லை என்று இரும்பாணியை அடித்துப் பூட்டுகிறவர்கள் பிறகு பல்லுச்சக்கரம் தேடி அலைகிறார்கள். படகில் எப்போதும் இரண்டு ஊசி, குறடு, ஒரு சோடிப் பிளக் வைத்திருக்கிறேன். பிளக் சாம்பியன் ஜே6சி, இடைவெளி 0.030 அங்குலம்.

கரைக்கு வந்ததும் குழாயைக் கழற்றிவிட்டுக் காபரேற்றரில் மிஞ்சிய பெற்றோல் தீரும்வரை ஓடவிடுவேன். காரில் ஏற்றும்போது தலைப்பகுதி காலைவிட உயரமாக இருக்க வேண்டும். கால் மேலும் தலை கீழுமாகக் கிடத்தினால் உள்ளே நிற்கும் தண்ணீர் வழிந்து சிலிண்டருக்குள் போய்விடும். அதனால் இறங்குதுறையில் சில நிமிடம் நிமிர்த்தி வைத்து நீர் வடிந்த பிறகே ஏற்றுகிறேன்.

ஒக்டோபர் வந்தால் வேறு எதையும் ஒத்திப்போடுவேன், கியர் எண்ணெயை ஒத்திப்போடமாட்டேன். கீழ்த்துளையைத் திறந்தால் தேன்நிறத்தில் வர வேண்டும். பால்தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; அடைப்பு தேய்ந்துவிட்டது. அப்படியே விட்டால் இந்த ஊர்க் குளிரில் தண்ணீர் உறைந்து பெருத்து அலுமினியக் கூட்டை வெடிக்கவைக்கும். புது எண்ணெயைக் கீழ்த்துளையால்தான் ஏற்ற வேண்டும், மேல்துளையில் குமிழி நின்று எண்ணெய் வழியும்வரை. மேலே இருந்து ஊற்றினால் காற்று உள்ளே அடைபட்டுவிடும். சிலிண்டர்களுக்குள் காப்பெண்ணெய் பீச்சி, சக்கரத்தைக் கையால் வலஞ்சுழியாக மட்டும் சுற்றிவிடுகிறேன். எதிர்ப்பக்கம் சுற்றினால் இம்பெல்லர் இதழ்கள் பிறழும். வசந்தத்தில் பொயின்றுக்கிடையில் மறுபடி கடதாசி. அவ்வளவுதான் ஆண்டுப் பராமரிப்பு.

ஸ்காபரோவில் கோடைகாலத்தில் வீட்டுக்கு வீடு பழஞ்சாமான் விற்கிறார்கள். ஏரிப்பக்கம் போனால் இன்னும் அதிகம். இப்படி ஒரு மோட்டாரைக் கண்டால் மூடியின் பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். பறக்குசக்கரத்தைக் கையால் வலப்பக்கம் சுற்றிப் பாருங்கள். இரண்டு இடங்களில் அமுக்கம் கையைத் தள்ள வேண்டும். கியர்த்துளை மரையாணியைத் திறக்க விற்பவர் விடுவாரா என்று கேளுங்கள். கீழ்க்கூட்டின் அடிப்பக்கத்தில் நீளவெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். இரட்டைக்குழாய்த் தாங்கி கூடவே வருகிறதா என்றும் பாருங்கள். தனியாகத் தேடினால் அது சிலவேளை மோட்டாரைவிட விலை போகும். கொயில், பொயின்ற், இம்பெல்லர் மோசமாக இருந்தால் கவலை வேண்டாம், அவை கிடைக்கும். கீழ்க்கூடு வெடித்ததையும் மேல்மூடி இல்லாததையும் மட்டும் உதிரிப்பாகத்துக்கென்று குறைந்த விலைக்கு வாங்குங்கள். அவற்றிலும் நல்ல சுழலி, நல்ல காபரேற்றர் கிடைக்கும்.